எழுத்தாளர் பள்ளிக்கு வந்தால்: தேவன் முதல் கலாம் வரை

1950-களின் நடுப்பகுதியில், சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரு கட்டுரைப் போட்டி நடந்தது. அக்கல்லூரியின் தமிழ்ச் சங்கம் அதை நடத்தியது. விமானப் பொறியியல் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், நம் விமானத்தை நாமே கட்டுவோம் என்ற பொருளில் தமிழில் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தார். முதல் பரிசு அவருக்கே கிடைத்தது. பரிசைக் கையில் கொடுத்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். துப்பறியும் சாம்புவைப் படைத்து ஊரெல்லாம் சிரிக்க வைத்த அதே தேவன்தான். பரிசு வாங்கிய மாணவர் இராமேஸ்வரத்து மரைக்காயர் குடும்பத்துப் பிள்ளை, அப்துல் கலாம்.

அன்று அவரை யாருக்கும் தெரியாது. கல்லூரியில் சேரக் கட்டணம் கட்ட வழியில்லாமல், அக்கா ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்த பணத்தில் படிக்க வந்தவர். பின்னாளில் ராக்கெட்டும் ஏவுகணையும் செய்து நாடறிந்தவரானார். 1999-இல் அருண் திவாரியுடன் சேர்ந்து தம் வாழ்க்கையை எழுதினார். தமிழில் அக்கினிச் சிறகுகள் என்று நாம் படிக்கும் நூல் அது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகும் அந்தத் தமிழ்க் கட்டுரையையும், பரிசு கொடுத்தவரின் பெயரையும் மறக்காமல் அந்நூலில் குறித்திருக்கிறார்.

நம் சங்கத்தின் பொன்விழா மலரில் இந்தச் செய்தியை எடுத்து வைப்பதற்குக் காரணம் உண்டு. பிள்ளைகளின் கல்வி என்று பேச்செடுத்தாலே, பெரிய மனிதர் ஒருவரை அழைத்து வந்து பேச வைத்தால் பிள்ளைகளுக்கு ஊக்கம் பிறக்கும் என்று நாம் சொல்கிறோம். அது உண்மைதானா? ஒரு மணி நேரம் வந்து போகும் எழுத்தாளரால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் என்ன செய்துவிட முடியும்? கலாம் இரண்டு பக்கமும் நின்றவர். இளமையில் எழுத்தாளர் கையால் பரிசு வாங்கினார். முதுமையில் எழுத்தாளராகப் பள்ளி பள்ளியாகப் போனார். அதனால் இந்தக் கேள்விக்கு அவர் வரலாற்றிலேயே விடை தேடலாம்.

விருந்தாளி வரும் முன்னே

மர்ஹூம் டாக்டர் அப்துல் கலாம் 1931 அக்டோபர் 15 அன்று இராமேஸ்வரத்தில் பிறந்தார். தந்தை ஜைனுலாபிதீன், தாயார் ஆஷியம்மா. கடலையும் படகையும் நம்பிய குடும்பம். அந்தத் தீவில் அக்காலத்தில் புத்தகம் என்பது எளிதில் கிடைக்காத பொருள். எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்ற தேசிய இயக்கத்துக்காரர் வீட்டில் மட்டும் ஓரளவு நல்ல நூலகம் இருந்தது. கிடைத்ததையெல்லாம் படி என்று சிறுவனை அவர் உற்சாகப்படுத்தினார். கலாம் அடிக்கடி அவர் வீட்டுக்குப் போய்ப் புத்தகம் இரவல் வாங்கி வந்தார்.

இரண்டாமவர் அகமது ஜலாலுதீன். வயதில் மிக மூத்தவரானாலும் சிறுவனுக்கு நெருங்கிய தோழர். பின்னர் ஜொஹராவை மணந்து மச்சானானவர். அந்தத் தீவிலேயே அப்போது ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று கலாம் எழுதுகிறார். ஊராருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார். அவர் அதிகம் படிக்கவில்லை. குடும்ப நிலைமை படிப்பை நிறுத்திவிட்டது. அதனால்தானோ என்னவோ, உலகத்தில் நடக்கும் புதுமைகளை எல்லாம் இந்தப் பையனிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மூன்றாமவர் உறவினர் சம்சுதீன். இராமேஸ்வரத்தில் செய்தித்தாள் விநியோகம் முழுவதும் அவர் கையில் இருந்தது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது இராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். தனுஷ்கோடிப் பாதையில் ஓடும் ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை வீசுவார்கள். அவற்றைப் பிடித்துச் சேர்க்கச் சிறுவன் கலாம் உதவினான். அவன் சம்பாதித்த முதல் கூலி அதுதான்.

பிறகு ஆசிரியர்கள். ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். பையன்களுக்குப் புரியவில்லை. அவர் கோபிக்கவில்லை. மாலையில் வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துப் போய், பறக்கும் பறவைகளைக் காட்டிப் பாடத்தை மறுபடி நடத்தினார். இறக்கை அடிப்பதையும் வால் திரும்புவதையும் நேரில் பார்த்த அன்றே, பறப்பது பற்றிய படிப்புத்தான் தன் படிப்பு என்று மனத்தில் விழுந்துவிட்டதாகக் கலாம் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார். பின்பு இராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் ஐயாத்துரை சாலமோன் என்ற ஆசிரியர், வேண்டுவதை ஆழ்ந்து விரும்பவும் அது கிடைக்கும் என்று நம்பவும் அவருக்குக் கற்றுக் கொடுத்தார்.

எம்.ஐ.டி.யிலும் அப்படித்தான். தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணியைக் கலாமும் தோழர்களும் ஏற்றிருந்தார்கள். வேலை மந்தமாக இருப்பதைப் பார்த்த பேராசிரியர் சீனிவாசன், மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்றார். இரவு உணவையும் விட்டுவிட்டு வரைபலகையில் உட்கார்ந்து முடித்துக் காட்டினார் கலாம். கட்டுரை எழுதியவர் விமானத்தைப் பற்றிக் கனவு மட்டும் காணவில்லை. அதன் கோடுகளைத் தம் கையால் வரைந்துகொண்டிருந்தார்.

ஆகவே, தேவன் மேடையேறிப் பரிசு கொடுத்த அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் பல பேருடைய பல வருட உழைப்பு இருந்தது. புத்தகம் இரவல் கொடுத்தவர், செய்தித்தாள் கொண்டு வந்தவர், கடற்கரைக்கு அழைத்துப் போனவர், நகையை அடகு வைத்தவர் என எல்லாரும் சேர்ந்து உழுத நிலத்தில் விழுந்த விதை அந்தப் பரிசு. உழாத நிலத்தில் அதே விதையைப் போட்டிருந்தால் கைத்தட்டலோடு முடிந்திருக்கும்.

தபாலில் நடந்த வகுப்பு

அதே 1950-களில் நம் மலாயாவில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அவசரகாலம் 1948-இல் அறிவிக்கப்பட்டு 1960 வரை நீடித்தது. தோட்டங்களுக்குள் வெளியார் வந்து போவதே சிரமமான காலம். எழுத்தாளர் ஒருவர் தோட்டத்துப் பள்ளிக்கு வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவது எளிதில் நடக்கக் கூடியதல்ல. ஆனால் செய்தித்தாள் தோட்டத்துக்குள் வந்தது. எழுத்தாளர்கள் அதன் வழியாக வந்தார்கள்.

1950-இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் சேர்ந்து ‘கதை வகுப்பு’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சிறுகதை என்றால் என்ன, அதை எப்படிக் கட்டுவது என்று இதழிலேயே பாடம் நடத்தி, வாசகர் எழுதி அனுப்பியவற்றை மதிப்பிட்டார்கள். அதற்கு வகுப்பறையோ மேசை நாற்காலியோ தேவைப்படவில்லை. ஒரு தபால்தலை போதும். மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை எழுதுகிற எவரும் இந்தக் கதை வகுப்பை விட்டுவிட்டு எழுத முடியாது.

1952-இல் தமிழ்நாட்டிலிருந்து கு. அழகிரிசாமி கோலாலம்பூருக்கு வந்து தமிழ் நேசனில் ஆசிரியர் பொறுப்பேற்றார். சிறுகதையில் அப்போதே பெயர் பெற்றிருந்தவர். 1957 வரை இங்கே இருந்தார். இளம் எழுத்தாளர்களைக் கூட்டி வைத்து, அவர்கள் எழுதியதைப் படிக்கக் கேட்டு, நல்லது கெட்டதை எடுத்துச் சொன்னார். வந்து போன விருந்தாளியாக இல்லாமல் ஐந்தாண்டு தங்கிய விருந்தாளியாக இருந்ததால், அவர் சொன்னது இளைஞர்கள் மனத்தில் நின்றது.

சிங்கப்பூரில் தமிழ் முரசு நடத்திய கோ. சாரங்கபாணி, அதே பத்தாண்டில் மாணவர்களுக்கென்று ‘மாணவர் மணிமன்றம்’ என்ற பகுதியைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகள் எழுதி அனுப்பியது அச்சில் வந்தது. தன் பெயரைப் பத்திரிகையில் பார்த்த பிள்ளை அந்தப் பிரதியைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளும். அடுத்த வாரமும் எழுத உட்காரும். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பின்னர் பெயர் சொல்லும்படி எழுதிய பலர் அந்த மணிமன்றத்தில் முதலடி எடுத்து வைத்தவர்கள். இப்படி வளர்ந்த தலைமுறை இருந்ததால்தான் 1962-இல் எழுத்தாளர்களுக்கென்று ஒரு சங்கமே இந்நாட்டில் உருவாக முடிந்தது.

நம் சமுதாயத்துக்கு இது புதிதும் அல்ல. இலங்கைக் கண்டியில் வழக்கறிஞராக இருந்த எம்.சி. சித்தி லெப்பை, 1882-இல் முஸ்லிம் நேசன் இதழைத் தொடங்கினார். 1885-இல் அசன்பே சரித்திரம் என்ற நாவலை எழுதினார். எழுதியதோடு நிற்காமல், பிள்ளைகளுக்கு நவீனக் கல்வி வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் வாதாடினார். அவரைப் போன்றோரின் முயற்சியில் 1892-இல் கொழும்பு மருதானையில் தோன்றிய பள்ளிக்கூடமே இன்றைய ஸாஹிராக் கல்லூரி. சிங்கப்பூரில் 1887-இல் மகுதூம் சாயபு சிங்கை நேசன் என்ற தமிழ் வார இதழை நடத்தினார். எழுத்தும் பள்ளியும் பத்திரிகையும் ஒன்றையொன்று தாங்கி நின்றதை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள்.

கேள்வி கேட்கச் சொன்ன விருந்தாளி

2001 செப்டம்பர் 30 அன்று கலாம் பயணம் செய்த ஹெலிகாப்டர் பொக்காரோவில் தரையிறங்கும்போது விழுந்தது. உடன் வந்தோரும் அவரும் உயிர் தப்பினார்கள். மிஞ்சிய வாழ்நாளை எதற்குச் செலவிடுவது என்று அவர் யோசித்த காலம் அது. அதே ஆண்டு நவம்பரில் இந்திய அரசின் தலைமை அறிவியல் ஆலோசகர் பதவியை விட்டு விலகி, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஒரு லட்சம் மாணவர்களையாவது நேரில் சந்திப்பது என்று இலக்கு வைத்துக்கொண்டு பள்ளிகளுக்குப் போகத் தொடங்கினார்.

2002 ஏப்ரலில் குஜராத் மாநிலம் ஆனந்த் நகருக்குப் போனார். கலவரத்தின் சூடு ஆறாமல் ஊரடங்கு இருந்த நேரம். அங்கே ஒரு பள்ளியில் பிள்ளைகளோடு பேசும்போது, நம் பகைவன் யார் என்ற கேள்வி எழுந்தது. ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வறுமைதான் நம் பகைவன் என்றாள். மதத்தின் பெயரால் ஊர் எரிந்துகொண்டிருந்த மாநிலத்தில், ஒரு பள்ளிப் பிள்ளை சொன்ன பதில் அது. கலாம் தாம் அப்போது எழுதிக்கொண்டிருந்த அடுத்த நூலை அந்த மாணவிக்கே சமர்ப்பணம் செய்தார்.

இந்த நிகழ்ச்சியை நாம் கவனித்துப் பார்க்க வேண்டும். வந்த எழுத்தாளர் பிள்ளைகளுக்கு ஏதோ கொடுத்துவிட்டுப் போனார் என்பதோடு கதை முடியவில்லை. பிள்ளையிடமிருந்து அவரும் ஒன்றைப் பெற்றுப் போனார். அதைப் பெற்றேன் என்று புத்தகத்தின் முகப்பிலேயே எழுதி வைத்தார். தான் சொன்ன சொல் ஒரு நூலுக்குள் போய் உட்கார்ந்ததைப் பார்க்கும் பிள்ளைக்கு, எழுத்து என்பது எங்கோ இருக்கும் பெரியவர்களின் சொத்து என்ற எண்ணம் அன்றோடு போய்விடும்.

2002 ஜூலை 25 முதல் ஐந்தாண்டுகள் குடியரசுத் தலைவராக இருந்தபோதும், பதவி முடிந்த பிறகும் அவர் இந்தப் பழக்கத்தை விடவில்லை. பேச்சுக்கு எவ்வளவு நேரமோ, கேள்விக்கும் அவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பார். பிள்ளைகள் அனுப்பிய கடிதங்களுக்கும் மின்னஞ்சல்களுக்கும் பதில் போடுவார். உறுதிமொழியை ஒவ்வொரு வரியாகச் சொல்லி, அரங்கம் முழுவதையும் திருப்பிச் சொல்ல வைப்பார். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்து வஃபாத்தானார். வயது 83. மூன்றாம் நாள், ஜூலை 30 அன்று, இராமேஸ்வரம் பேக்கரும்பில் நல்லடக்கம் நடந்தது. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

யோசனையைப் பிள்ளையின் பெயரோடு ஏற்பது

வந்து பேசுவதோடு நின்றுவிடாமல், பிள்ளைகளின் யோசனைகளைத் தேடி வாங்கும் ஓர் ஏற்பாட்டுக்கும் கலாம் துணை நின்றார். இந்தியாவில் 2000-இல் தேசியப் புத்தாக்க நிறுவனம் தொடங்கப்பட்டது. அது பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘இக்னைட்’ என்ற போட்டியை நடத்தி வந்தது. பிள்ளை தன் யோசனையை எழுதியோ வரைந்தோ அனுப்பினால் போதுமானதாக இருந்தது. பொருளாகச் செய்து காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. தேர்ந்தெடுத்த யோசனைகளை நிறுவனத்துப் பொறியாளர்கள் மாதிரிப் பொருளாகச் செய்வார்கள். காப்புரிமைக்கு மனுச் செய்தால் அந்தப் பிள்ளையின் பெயரிலேயே செய்வார்கள். அந்த விருதுகளைப் பல ஆண்டுகள் கலாமே வந்து வழங்கினார். அவர் பிறந்த நாளான அக்டோபர் 15 அந்நிறுவனத்துக்குப் பிள்ளைகளின் படைப்புத்திறன் நாள். அவர் மறைந்த பிறகு விருதுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

அப்படிப் பரிசு பெற்ற ஒரு யோசனையைச் சொல்லலாம். பாட்னாவைச் சேர்ந்த ஒரு மாணவியின் தாத்தா நான்கு கால் நடைச்சட்டம் பிடித்து நடப்பவர். சமதரையில் அது உதவும். மாடிப்படியில் உதவாது. முன்கால்களின் உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடிந்தால் படியில் ஏறும்போதும் சட்டம் சரியாமல் நிற்குமே என்று அந்தப் பெண் யோசித்தாள். 2011-இல் அதற்கு விருது கிடைத்தது. பின்னர் அது விற்பனைக்கு வரும் பொருளாகவும் ஆனது. ஆய்வுக்கூடம் எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. வீட்டுத் தாத்தா படும் சிரமத்தைக் கண் திறந்து பார்த்ததுதான் அவள் செய்த முதல் ஆராய்ச்சி.

இன்னொன்று நம் சமுதாயப் பிள்ளையைப் பற்றியது. கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக் என்ற 18 வயது இளைஞரும் அவர் குழுவினரும் 64 கிராம் எடையில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு செயற்கைக்கோளைச் செய்தார்கள். முப்பரிமாண அச்சு முறையில் செய்த கூடு அது. அமெரிக்காவில் நாசா ஆதரவில் நடக்கும் ஒரு மாணவர் போட்டியில் தேர்வாகி, 2017 ஜூன் 22 அன்று மேலே போய்த் திரும்பி இறங்கும் ஆய்வு ராக்கெட் ஒன்றில் அது பறந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் கலாம்சாட். சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் அமைப்பின் மாணவர்கள் செய்த இன்னொரு கலாம்சாட், 2019 ஜனவரி 24 அன்று இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் விண்ணுக்குப் போனது. தேவன் கையால் பரிசு வாங்கிய மாணவரின் பெயர், அவர் மறைந்து இரண்டே ஆண்டில் இன்னொரு மாணவர் கூட்டம் செய்த கருவியின் மேல் ஏறிவிட்டது.

நம் மலேசியாவிலும் இதற்கு ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். அஸ்தி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கச் சங்கம் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காக அறிவியல் விழாக்களை நடத்தி வந்திருக்கிறது. அதன் தலைவராக முன்னின்று உழைத்தவர் டாக்டர் முகமது யூனுஸ் யாசின். பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து, என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று நீதிபதிகள் முன் விளக்க வேண்டும். மனப்பாடம் அங்கே கைகொடுக்காது. கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

திரிங்காப்புக்கு யார் வருவார்?

இதையெல்லாம் படித்துவிட்டு, கலாமைப் போன்றவர் இந்த மலைக்கு எப்போது வருவார் என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் பாதையில், காய்கறித் தோட்டங்களுக்கும் நெகிழிக் கூடாரங்களுக்கும் நடுவே இருக்கும் சிற்றூர் நம்முடையது. தலைநகரிலிருந்து ஒருவரை அழைத்தால் வளைவு வளைவான பாதையில் பாதி நாள் பயணம் செய்து வர வேண்டும். தங்க இடம், சாப்பாடு, வழிச்செலவு என்று எல்லாம் பார்க்க வேண்டும். அப்படிச் சிரமப்பட்டு அழைத்து வந்தும், வரவேற்புரை, சிறப்புரை, பொன்னாடை, புகைப்படம், நன்றியுரை என்று நேரம் ஓடிவிடுகிறது. பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், கைதட்டுகிறார்கள், பலகாரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். வந்தவர் எழுதிய புத்தகத்தின் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. இப்படிப்பட்ட வருகையால் பயனில்லை என்று சொல்பவர்கள் சொல்வது சரிதான்.

பயன்படும் வருகை எப்படி இருக்கும் என்பதை மேலே பார்த்த வரலாறே சொல்லித் தருகிறது. மாணிக்கம் செய்ததுபோல் முதலில் புத்தகம் பிள்ளையின் கைக்கு வர வேண்டும். யாரை அழைக்கிறோமோ அவருடைய நூலைப் பிள்ளைகள் ஒரு மாதம் முன்பே படித்திருக்க வேண்டும். மணிமன்றம் செய்ததுபோல் பிள்ளை ஏதாவது எழுதியிருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம் போதும். கூட்டத்தில் எழுந்து பேசக் கூச்சப்படும் பிள்ளைகள் நம்மிடம் அதிகம். அதனால் கேள்விகளை முன்கூட்டியே தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளலாம். அழகிரிசாமியைப் போல் வருபவர் உட்கார்ந்து பிள்ளை எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். முந்நூறு பேர் அடங்கிய மண்டபத்தைவிட முப்பது பேர் சுற்றி உட்காரும் பாய் இதற்கு நல்லது. கலாம் செய்ததுபோல் அவர் திரும்பிப் போன பிறகும் பதில் வர வேண்டும். வந்த பதிலைப் பள்ளிச் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. முன்னும் பின்னும் உழைக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஆசிரியர்கள் தலையில் இன்னொரு சுமையாக அதை வைக்காமல், பெற்றோரும் சங்கமும் பொறுப்பேற்க வேண்டும்.

எழுத்தாளர் என்றால் வெளியூரிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. 1885-இல் வில்லியம் கேமரன் நில அளவைக்காக வந்ததால் இந்த மலைக்கு அவர் பெயர் வந்தது என்று நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். 1929-இல் போ தோட்டம் தொடங்கியதையும் படிக்கிறார்கள். அந்தத் தோட்டங்களில் காட்டை அழித்துச் செடி வைத்தவர்கள், கொழுந்து கிள்ளியவர்கள், லயங்களில் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள், நாலு கம்பங்களுக்கு நடுவே கடை போட்டு ரொட்டியும் தேநீரும் விற்றவர்கள், மலைப்பாதையில் லாரி ஓட்டியவர்கள் ஆகியோரின் கதை பாடப்புத்தகத்தில் இல்லை. அது நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. கையால் கிள்ளிய கொழுந்து கத்தரிக்கும், பின்பு இயந்திரத்துக்கும் மாறியதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவரை வகுப்பறைக்கு அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தால், பிள்ளைகள் கேட்பதற்கு ஆயிரம் கேள்விகள் உண்டு. தாத்தா சொல்ல, பேத்தி எழுத, அது இந்த மலையைப் பற்றி எழுதப்பட்ட புது நூலாகும். ஒவ்வோர் ஆண்டும் ஜனாஸாத் தொழுகைக்கு நிற்கும்போது, எழுதாமல் போன ஒரு புத்தகத்தையும் சேர்த்தே அடக்கம் செய்கிறோம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

புதுமை செய்வதற்கும் இங்கே பஞ்சமில்லை. செங்குத்தான சரிவில் காய்கறிக் கூடையைத் தூக்கி ஏறுகிற சிரமம், மழையில் கரைந்து போகும் மண், ஓடைத் தண்ணீரைக் குழாய் வழியே மோட்டார் இல்லாமல் கீழே கொண்டு வரும் முறை, கிழிந்து பறக்கும் நெகிழிக் கூரை, மூடுபனியில் தெரியாத சாலை வளைவு என ஒவ்வொன்றும் ஒரு பிள்ளைக்குப் போட்டிக் கட்டுரை. பாட்னாவின் அந்தப் பெண் படிக்கட்டைப் பார்த்தாள். நம் பிள்ளை பாத்தியைப் பார்க்கட்டும். தமிழ்ப்பள்ளியில் படித்தாலும், தேசியப் பள்ளியிலோ சீனப் பள்ளியிலோ படித்தாலும், எந்த மொழியில் எளிதாக வருகிறதோ அந்த மொழியில் எழுதட்டும். பெண்பிள்ளைகளையும் முன் வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையிருக்காது என்று நம்புகிறோம்.

சங்கம் பொன்விழாக் காணும் வேளையில் இதற்குச் செய்ய வேண்டியது மூன்று. ஒரு புத்தக அலமாரி வைத்து அதன் சாவியைப் பிள்ளைகள் கேட்டவுடன் கொடுக்கும் ஒருவரிடம் ஒப்படைப்பது முதலாவது. ஆண்டுக்கு ஒருவரையேனும், முன்னேற்பாட்டோடு, பள்ளிக்கு அழைப்பது இரண்டாவது. பிள்ளைகள் எழுதியதையும் யோசித்ததையும் அவர்கள் பெயரோடு ஆண்டுதோறும் ஒரு சிறு மலராக அச்சிடுவது மூன்றாவது. நம் சங்கத்தின் முதல் ஐம்பது ஆண்டுகளை நடத்தியவர்கள் தங்களுக்குக் கிடைக்காத படிப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பாடுபட்டார்கள். படித்த பிள்ளைகள் பலர் மலையிறங்கி நகரங்களுக்குப் போய்விட்டார்கள். அவர்களில் எழுதுபவர், ஆராய்பவர், கருவி செய்பவர் இருந்தால், அழைக்க வேண்டிய முதல் விருந்தாளி அவர்கள்தான். பிறந்த ஊரின் பள்ளிக்கு வர அவர்களுக்கு வழி சொல்லித் தரத் தேவையில்லை.

வஹீயாக இறங்கிய முதல் கட்டளையே ஓதுவது பற்றியது என்று மதரஸாவில் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஓதுவதற்குப் புத்தகமும், ஓதியதைக் கேட்க ஒரு மனிதரும் அவர்களுக்குக் கிடைக்கச் செய்வது நம் பொறுப்பு. வல்ல இறைவன் அதற்குத் துணை செய்வானாக. ஆமீன்.